சக்கரத்தில் வீடு, சம்பளமில்லா உத்தியோகம்

சம்பளமில்லாத உத்தியோகத்தில் ஒரு நிம்மதி உண்டு: வேலையை விட்டு நிறுத்திவிடுவார்களோ என்று பயப்படத் தேவையில்லை. முதல் வாரமே இதைப் பூங்கா அதிகாரி ரொனிடம் சொன்னேன். "நிறுத்தமாட்டேன். கழிப்பறை கழுவும் முறையை மட்டும் இரண்டு மடங்காக்குவேன்" என்றார்.

நான் இலங்கையில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி புஷ்பம் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவள். எழுபதுகளின் தொடக்கத்தில், கங்காரு தேசத்தில் நார்த்மீட் என்ற ஊரில் இருந்த மகள் வாசுகி எங்களை ஸ்பொன்சர் பண்ணி எடுத்தாள். ஊர் பார்க்கவென்று பழைய கரவன் ஒன்று வாங்கினோம். காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கிற பெட்டி; உள்ளே ஒரு கட்டில், சமைக்க ஒரு குசினி, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்க இடம். ஹெலன்ஸ்பர்க்குக்குப் பக்கத்தில் அரசாங்கப் பூங்காக் காடு ஒன்றில், விடுமுறைக்கு வருபவர்கள் கூடாரம் அடிக்கிற ஒரு முகாம். அதன் வாசலில், தங்கியிருந்து பார்த்துக்கொள்ளத் தொண்டர்கள் தேவை, கரவனுக்கு இடம் இலவசம் என்று ஒரு பலகை. ஒரு கோடைக்கு என்றுதான் போனோம். ஆறு வருடம் ஓடிவிட்டது. கரவனில் குடித்தனம் நடத்திய பாவங்கள் யாராவது இதை வாசித்தால், பக்கத்தில் இருப்பவர் முழங்கையில் இடிபடாமல் தலையாட்டிக்கொள்ளுங்கள்.

உண்மையான பொறுப்பாளர்

எனக்குக் காக்கிக் காற்சட்டையும் பூங்காத் தொப்பியும் தந்திருந்தார்கள். விசில் மட்டும் ரயில்வேக் காலத்துச் சொந்த விசில். வந்த முதல் சனிக்கிழமை, பெரிய நாயோடும் அதைவிடப் பெரிய கூடாரத்தோடும் ஒருவர் வந்து இறங்கினார். "பொறுப்பாளர் எங்கே?" என்றார். நான்தான் என்றேன். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "இல்லை மேட், உண்மையான பொறுப்பாளர்" என்றார்.

ஒருவகையில் நியாயமான கேள்விதான். புஷ்பத்தைக் கூப்பிட்டேன். சேலைக்கு மேலே ஸ்வெட்டரும் காலில் றப்பர் பூட்சுமாக வந்தாள். பதினேழாம் இடம் அவருக்கு, நாயைக் கட்ட வேண்டும், கல்லடுப்பைத் தவிர வேறெங்கும் நெருப்பு மூட்டக் கூடாது, குப்பையை அவரேதான் எடுத்துப் போக வேண்டும் என்று மூச்சு விடாமல் அடுக்கினாள். மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இந்த நாட்டுக்கு வந்து எவ்வளவு காலம் என்று கேட்டார். எட்டு மாதம் என்றாள்.

"எட்டே மாதத்தில் என் மனைவி மாதிரியே பேசப் பழகிவிட்டீர்கள், அம்மா."

யாருடைய இடது?

கோடை முடிந்ததும் மெல்பேர்ண் பக்கம் போவோம். வெரிபீயில் ஆற்றோரமாக ஒரு சின்ன முகாம். அங்கே இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவில் கரவனைப் பின்பக்கமாக உள்ளே விட வேண்டும். கரவன் இழுத்தவர்களுக்குத் தெரியும்: ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போகும். புஷ்பம் பின்னால் நின்று வழி காட்டுவாள். "இடது, இடது" என்பாள். "உம்மட இடதோ, என்ர இடதோ?" என்று நான் கேட்பேன். "இடது எண்டால் இடதுதான். அதிலை என்ன உம்மட, என்ர?" என்பாள். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவளோடு வாதாட முடியுமா? அதற்குள் முகாமில் இருந்தவர்களெல்லாம் மடக்குக் கதிரைகளைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு எங்களைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒரு வருடம் அப்படியே போய், தகரக் கழிப்பறையின் கதவோடு கரவனின் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்திவிட்டேன். கதவு வெளிப்பக்கம் திறப்பது. உள்ளே ஆள் இருந்தது. இருமல் சத்தம் கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. முன்னுக்கு எடுக்கலாமென்றால் பின்சக்கரம் சேற்றில் புதைந்து சுற்றுகிறது. நான் வேர்த்து விறுவிறுத்துத் தகரத்தில் தட்டி, மன்னிக்க வேண்டும், பத்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறேன் என்று கத்தினேன். உள்ளேயிருந்து அமைதியான குரல் வந்தது.

"ஆறுதலாகச் செய்யுங்கள். பேப்பரில் விளையாட்டுப் பக்கம் இன்னும் வாசித்து முடியவில்லை."

கக்கூஸும் கடற்காற்றும்

மறுபடி கோடை வந்து ஹெலன்ஸ்பர்க் பக்கம் திரும்பியிருந்தோம். மதராசிலிருந்து வந்த இளம் எஞ்சினியர் ஒருவர் குடும்பத்தோடு பிக்னிக் வந்தார். தமிழ்க் குரல் கேட்ட சந்தோஷத்தில் ஓடி வந்தவர், என் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ஊரில் என்ன உத்தியோகம் என்று விசாரித்தார், சொன்னேன். "என்ன சார் இது, ஸ்டேஷன் மாஸ்டரா இருந்துட்டு இங்க வந்து கக்கூஸ் கழுவுறீங்களே!" என்று கண் கலங்காத குறை. புஷ்பம் தேத்தண்ணி கொடுத்தாள். மரத்தடியில் உட்கார்ந்து குடித்தார். கடற்காற்று வீசியது. வாடகை இல்லை, மின்சார பில் இல்லை, மேலதிகாரி கிழமைக்கு இரண்டு தரம்தான் வருவார் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். போகும்போது என்னைத் தனியாக ஒதுக்கிக் கூட்டிக்கொண்டு போனார்.

"எங்க மாமனார் வந்து ஆறு மாசமா எங்க வீட்லதான் இருக்காரு சார், அவருக்கும் இதே மாதிரி ஒண்ணு பாத்துச் சொல்லுங்களேன்."

சூரியனுக்கு நன்றி

எங்கள் வருடத் திட்டத்தைப் புஷ்பம் ஒரு நாட்காட்டியில் எழுதிக் குசினி அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்தாள். சிவப்பு மையில் பள்ளிக்கூட விடுமுறைகள், அதாவது முகாம் நிரம்பி வழியும் நாட்கள். பச்சை மையில் விரதங்களும் பண்டிகைகளும். ரொன் அதைப் பார்த்துவிட்டு, பச்சை நாட்களில் எங்களுக்கு வேலை குறைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். பூங்காவின் சட்டத்துக்கு மட்டும் பச்சை தெரியாது. இங்கே தை மாதம் கொளுத்தும் கோடை. ஒரு தைப்பொங்கல் அன்று காலையிலேயே, அனல் காற்றால் வெளியில் எங்கும் நெருப்பு மூட்டத் தடை என்று அறிவித்துவிட்டார்கள். முகாம் முழுக்க நடந்து அதை ஆட்களுக்குச் சொல்ல வேண்டியவனே நான்தான்.

"சட்டம் எண்டால் சட்டம்" என்று புஷ்பம் பானையைக் கரவனுக்குள் எடுத்துப்போய், உள்ளே இருந்த சின்ன காஸ் அடுப்பில் வைத்தாள். உள்ளே சூடு சொல்லி மாளாது. பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. வழிந்தது கட்டிலுக்குக் கீழே இருந்த என் சப்பாத்துக்குள்ளும் போனது. நாங்கள் இரண்டு பேரும் குளித்தெழும்பியவர்கள் மாதிரி வேர்வையோடு வெளியே வந்து, தகதகவென்று காய்ந்த சூரியனுக்கு வாழையிலையில் படைத்தோம். ரொன் ஜீப்பை நிறுத்தி, என்ன நடக்கிறது என்று கேட்டார். சூரியனுக்கு நன்றி சொல்கிறோம் என்றேன். அண்ணாந்து பார்த்து நெற்றியைத் துடைத்தார்.

"சொன்னது போதும் என்று நினைக்கிறேன், அவருக்கு நன்றாகவே கேட்டுவிட்டது."

இடாப்பு

இது சிரிக்கிற கதை இல்லை. அதே தை மாதம், ஒரு மத்தியானம் காற்று திரும்பி மேற்கிலிருந்து அடிக்கத் தொடங்கியது. மலைக்குப் பின்னால் காட்டுத்தீயின் புகை எழும்பியது. ரொன் ஜீப்பை ஓட்டிக்கொண்டே கத்தினார்: "இருபது நிமிடம்தான் இருக்கிறது, எல்லாரையும் வெளியேற்றுங்கள்!" நான் விசிலை ஊதிக்கொண்டு ஓடினேன். கூடாரங்களை விட்டுவிட்டு ஆட்கள் கார்களில் ஏறிப் போனார்கள். கடைசியில் டோரிஸ், மே என்ற இரண்டு வயதான சகோதரிகள் மிஞ்சினார்கள். அவர்களின் கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

எங்கள் கார் கரவனிலிருந்து கழற்றப்பட்டு நின்றது. கரவனைக் கொழுவ எனக்குக் கால் மணி நேரம் வேண்டும். அதற்குள்தான் எங்களுடைய எல்லாம் இருந்தது: கலியாணப் படம், யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த தையல் மெஷின், எங்கள் உடுப்பு, சட்டி பானை. வேறெங்கும் எங்களுக்கென்று ஒரு கதவு இல்லை. நான் கரவனைப் பார்த்தேன், சகோதரிகளைப் பார்த்தேன். புஷ்பம் கரவனுக்குள் ஏறி, ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "கொழுவ நேரமில்லை. அவையை ஏத்துங்கோ" என்றாள். ஏற்றினேன். கண்ணாடியில் புகையைப் பார்க்காமலே ஓட்டினேன்.

ஹெலன்ஸ்பர்க் மண்டபத்தில் எல்லாரும் கூடியிருந்தோம். புஷ்பம் கையில் வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். நகையுமில்லை, படமுமில்லை. முகாமுக்கு வந்தவர்களின் பெயர் எழுதுகிற இடாப்பு. கதிரையொன்றில் ஏறி நின்று ஒவ்வொரு பெயராக வாசித்தாள். பெயர்களைப் பாதி கடித்துத்தான் உச்சரித்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பெரிய பெரிய ஆண்களெல்லாம் கையை உயர்த்தினார்கள். நாற்பத்திரண்டு பேர் சரி. நாற்பத்துமூன்றாவது பெயருக்குப் பதிலில்லை. திரும்ப வாசித்தாள். தேநீர் வரிசையின் கடைசியிலிருந்து காது கேட்காத கிழவர் ஒருவரை அவருடைய மகள் இழுத்துக்கொண்டு வந்தாள். புஷ்பம் சரி போட்டாள்.

சற்று நேரத்தில் ரொன் கரி படிந்த முகத்தோடு வந்தார். நாற்பத்துமூன்று பேரும் இருக்கிறார்கள் என்று கேட்டதும் சுவரில் சாய்ந்துவிட்டார். பிறகு தயங்கித் தயங்கி, உங்கள் வீடு என்ன ஆனதோ இன்னும் தெரியாது என்றார். புஷ்பம் இடாப்பை மூடினாள்.

"வீட்டுக்கு இடாப்பிலை பேர் இல்லை, ரொன்."

நார்த்மீட்டில் ஒரு குளிர்காலம்

காற்று மாறியது. நெருப்பு ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கரவன் சாம்பல் பூசிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. வெளியே வைத்திருந்த பிளாஸ்டிக் வாளி மட்டும் உருகிக் கிடந்தது. அதன் முன்னால் குந்தியிருந்து புஷ்பம் அழுதாள். வாளிக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த நாளே வாசுகி வந்துவிட்டாள். "அம்மா, அப்பா, காடும் கரவனும் இனிப் போதும். எங்களோட வந்து இருங்கோ" என்றாள். நாங்களும் ஓம் என்றோம். அந்த வருடம் வெரிபீக்குப் போகவில்லை. அவள் வீட்டு முற்றத்தில் கரவனை நிறுத்தினோம். எங்களுக்கென்று தனி அறை, புதுக் கட்டில், ஹீட்டர்.

மூன்று நாள் அறையில் படுத்தோம். கையை நீட்டினால் சுவர் தட்டுப்படாமல் நித்திரையே வரவில்லை. நாலாம் நாள் கரவனுக்கே திரும்பிவிட்டோம். வாசுகி முகத்தை நீட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். நான் காலையில் தெருவில் இறங்கி, எல்லாருடைய குப்பைத்தொட்டி மூடியும் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் இறைச்சி சுட்டு முடித்ததும் வேலிக்கு மேலால் எட்டி, தணல் மீது இன்னும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னேன். புஷ்பம் வாசுகியின் விருந்தாளிகள் வரும்போது காரை எங்கே நிறுத்துவதென்று இடம் காட்டினாள். ஒரு டொக்டரை இரண்டு தரம் பின்னுக்கு எடுக்க வைத்தாள்.

ஆவணியில் ரொன் போன் எடுத்தார். வருகிற கோடைக்கு நாங்கள் வருவோமா என்று தயக்கத்தோடு கேட்டிருக்கிறார், போனை எடுத்தவள் வாசுகி. இனி அனுப்பமாட்டேன் என்று சொல்லப்போகிறாள் என்று நானும் புஷ்பமும் குசினி வாசலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"கோடை வரைக்கும் ஏன் காத்திருக்கோணும், ரொன்? நாளைக்கே வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

ஆறு வருடம் சம்பளமில்லாமல் மற்றவர்களின் விடுமுறையைக் காத்தோம். எங்களுக்கு ஒரு விடுமுறை வேண்டுமென்றால் யாருக்கு விண்ணப்பம் எழுதுவதென்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.