மாப்பிள்ளைப் படத்துக்கு ஒரு பனிமலை

எண்பதுகளின் நடுவில், லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் ஒரு வீட்டில் ஆறு பேர் இருந்தோம். மற்ற ஐவரிடமும் பழைய கார்கள். அவற்றில் மூன்று ஓடுவதில்லை. என்னிடம் ஒரு சைக்கிள், அது ஓடியது. ஆனாலும் வீட்டின் மானம் போனது என்னால்தான். நான் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பும்போது, வீட்டில் மூத்தவரான அண்ணை எனக்கு ஏதோ தீராத வியாதி வந்ததுபோலப் பார்ப்பார்.

அப்போது யாழ்ப்பாணத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். அவளுடைய படம் வந்தது. ஸ்டூடியோவில் எடுத்தது, சிரிக்கச் சொல்லியும் சிரிக்க மறுத்த முகம். எனக்கு உடனே பிடித்துவிட்டது. இவள் இல்லையென்றால் வேறு படமே பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பிக்கிறாள் என்று அம்மா எழுதியிருந்தார். பதிலுக்கு, சைக்கிளோடு நிற்கும் என் படத்தை எடுத்து வைத்தேன். அண்ணை அதைப் பறித்துப் பார்த்தார்.

"உமக்கென்ன விசரே? லண்டன் மாப்பிள்ளை சைக்கிளோடை நிக்கிறதோ? கார் வாங்க வக்கில்லை எண்டு நினைப்பினம்."

அவரே வழியும் சொன்னார். சுவிஸில் ஒரு மலையூரில், ஹோட்டல் குசினியில் என் சித்தி மகன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அங்கே போய்ப் பனிச்சறுக்கு விடுகிற படம் எடுத்தால் ஊரே வாயைப் பிளக்குமாம். நானும் விசா எடுத்துக்கொண்டு போனேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

பனிச்சறுக்கு என்பது இதுதான்: காசு கொடுத்து மலை உச்சிக்கு ஏறுகிறார்கள், காலில் பலகை கட்டிக் கீழே வழுக்கி வருகிறார்கள், வந்ததும் மறுபடி ஏறுவதற்கு வரிசையில் நிற்கிறார்கள். எங்கள் ஊரில் ஒருவன் இப்படிச் செய்தால் வீட்டுக்காரர் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

முன்னால் ஒருவரையும் பின்னால் ஒருவரையும் ஏற்றிச் சைக்கிள் ஓடியவனுக்கு இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். அந்தக் கொழுப்பு நாலடி தூரத்தில் இறங்கிவிட்டது. வேகம் பிடித்ததும் என் விரல்கள் பிரேக்கைத் தேடின. கையில் இருந்தவை இரண்டு தடிகள். மூன்றாம் தடவை விழுந்து எழும்பி, தடிகளை ஊன்றிக்கொண்டு பல்லைக் கடித்து நின்றபோது சித்தி மகன் படம் எடுத்தான். அந்தப் படம்தான் யாழ்ப்பாணம் போனது.

ஒரு மாதத்தில் அம்மாவின் கடிதம் வந்தது. "பெண்ணின் தகப்பன் வந்திட்டுப் போறார். உனக்குக் காலிலை என்ன நடந்தது எண்டு கேக்கிறார். ரெண்டு பொல்லு ஊண்டிக்கொண்டு, காலுக்குப் பலகை கட்டியிருக்காம். ஏன் மகனே என்னட்டை மறைச்சனி? நல்லூரானுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். அவை வேறை இடம் பாக்கப் போகினமாம்."

அண்ணையிடம் காட்டினேன். "ஊர்ச்சனத்துக்கு ஒண்டும் விளங்காது," என்றார். கார் பொனெட்டில் சாய்ந்து இன்னொரு படம் எடுக்கலாமாம். ஓடாத மூன்றில் எந்தக் காரில் என்று கேட்டேன். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

அம்மாவின் கடிதம் வந்த அன்றே சைக்கிள் படத்தைப் பெண்ணின் தகப்பனுக்கு நேரடியாக அனுப்பினேன். இரண்டு கால்களும் நன்றாக இருக்கின்றன, தினமும் காலையும் மாலையும் அவற்றால்தான் மிதித்து வேலைக்குப் போய் வருகிறேன், கார் கிடையாது என்று எழுதினேன். எழுதிவிட்டேனே தவிர, பயமாகத்தான் இருந்தது. தபால்காரன் வரும் நேரத்தில் வாசலைவிட்டு நகரவில்லை.

பதில் வந்தது. தகப்பன் நலம் விசாரித்து, சாதகம் கேட்டிருந்தார். கடிதத்தின் அடியில், வேறு கையெழுத்தில், பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதுவதுபோல நேராக இரண்டு வரிகள் இருந்தன.

"படத்தை வடிவாகப் பார்த்தேன். உங்கள் சைக்கிளில் பின்னால் கரியர் இல்லையே, நான் எங்கே இருப்பது?"