யூதாஸ் வேடம் கட்டிய றொசானா

இயேசுவின் பாடுகளை நாடகமாகப் போடும் எங்கள் சிட்னி பாஸ்குக் குழுவுக்கு நடிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. நடத்தைச் சான்றிதழ் கொடுக்க மட்டும் நன்றாகத் தெரியும். அவர்களிடம்தான் றொசானா வந்து மாட்டினாள்.

மன்னாரிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போன குடும்பத்தில் பிறந்தவள். இருபது வருடமாக அமெரிக்கப் படங்களில் நடித்தவள். நீதிபதி, கன்னியாஸ்திரி, கொலைகாரி, எதைக் கொடுத்தாலும் அதுவாகவே மாறிவிடுவாள். அதுதான் வினையாகப் போனது. அவள் குடிகாரியாக நடித்த படத்தைப் பார்த்த நாளோடு தாய் மேரிறோஸ் மகளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். தகப்பன் இறந்ததும் மகனோடு சிட்னி வென்ட்வேர்த்விலுக்கே வந்துவிட்டார். இங்கே விழுந்து இடுப்பு முறிந்தபோது, றொசானா படங்களை விட்டுவிட்டு ஓடிவந்தாள். தாய் அவள் கையால் கஞ்சி குடித்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

தாய் தவறாமல் பார்க்கும் நாடகம் பாஸ்கு ஒன்றுதான். அதில் மாதாவாக வந்தால் அம்மா தன்னை ஒருமுறையாவது ஏறிட்டுப் பார்ப்பார் என்று றொசானா ஆசைப்பட்டாள்.

குழுத் தலைவர் ஜெயரட்ணம் அவளுடைய ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. "குடிவெறியில ஆடின ஆளை மாதாவா நிப்பாட்டினா சனம் என்ன சொல்லும், பிள்ளை?" என்றார். போன வருடம் இவர் பிலாத்துவாக நின்று இயேசுவையே சாவுக்குக் கொடுத்தவர். இவரை ஒருவரும் கொலைகாரன் என்று சொல்லவில்லை. மாதா வேடம் அவர் மகளுக்குப் போனது. அந்தப் பிள்ளைக்கு இருந்த ஒரே தகுதி தகப்பன்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வேடத்துக்கு வழக்கம்போல ஆளில்லை. கட்டியவனை வருடம் முழுக்க அந்தப் பேர் சொல்லியே கூப்பிடுவார்கள்.

"அப்ப அதை எனக்குத் தாங்கோ," என்றாள் றொசானா.

பாஸ்கு அன்று மண்டபம் நிறைந்தது. மாதா வசனத்தை மறந்து தகப்பனைப் பார்த்து முழித்தாள். றொசானா வெள்ளிக்காசை வீசிவிட்டு முழங்காலில் விழுந்து அழுதபோது, உரோமைச் சேவகனாக நின்ற நானே ஈட்டியைத் தாழ்த்திவிட்டேன்.

நன்றியுரையில் ஜெயரட்ணம் மைக் செட்காரர் முதல் சாப்பிட ரோல்ஸ் தந்த கடைக்காரர் வரை எல்லோருடைய பேரையும் சொன்னார். றொசானாவின் பேர் வரவில்லை.

முன்வரிசையில் மேரிறோஸ் அன்ரி வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"ஜெயரட்ணம், ஒரு பேரை விட்டிட்டீர்."

"இருங்கோ அன்ரி, நேரம் போயிட்டுது..."

"நடிப்பெண்டா என்னெண்டு இண்டைக்குத்தான் கண்டனான். யூதாஸா வந்தது றொசானா. என்ர மகள். மைக்கில சொல்லும்."