பைப்பு விட்ட கண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் பிரசங்கம் முடியவே இல்லை. கீழே இருக்கும் பிரியாணிக் கடையின் வாசனை மாடி ஏறி வந்துவிட்டது. பிள்ளைகள் நெளிகிறார்கள். பாஸ்டரோ என் முகத்தையே பார்த்துப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்.

பக்கத்தில் இருந்த மேரி அக்கா என் விலாவில் இடித்தார்.

"அன்னம்மா, கொஞ்சம் அழேன் லா... பசிக்குது!"

நான் என்ன செய்வேன்? வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும் — என் பேனா பேசுகிற அளவுக்கு என் வாய் பேசாது. கூட்டத்தில் தும்மல் வந்தால்கூட முழுங்கிவிடுகிற ஆள் நான்.

சங்கதி இதுதான். கிள்ளானில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் எங்கள் சபை. ஏர்கான் பைப்பும் காற்றுக் குழாயும் மொட்டைமாடியில் ஓடி, கூரை வழியாக உள்ளே இறங்குகின்றன. பைப்பைச் சுற்றிக் கறுப்பு ஸ்பாஞ்சு. அது வெயிலில் வெடித்து, மழைத் தண்ணீரைக் குடித்து ஊறிப்போயிருந்தது. ஏர்கான் போட்டுக் கொஞ்ச நேரம் ஆனதும், பைப்பு வியர்த்து, சீலிங் இடுக்கிலிருந்து ஒரு சொட்டு கிளம்பும். நேரே என் நெற்றியில்! அங்கிருந்து மூக்கோரமாக வழிந்து கன்னத்துக்கு வரும்.

இடம் மாறி உட்காரலாமே என்பீர்கள். எங்கள் சபையில் முடியுமா? இடம் மாறினால் பக்கத்து ஆளோடு சண்டை என்று அர்த்தம். மத்தியானத்துக்குள் செய்தி சுங்கை வே வரைக்கும் போய்விடும். மேரி அக்காவுக்கு எதற்கு அந்தக் கெட்ட பெயர்? நனைந்தேன்.

பாஸ்டர் சின்ன வயசுக்காரர், நல்லவர். முதல் சொட்டு வழிந்த அன்றே பேச்சை நிறுத்திவிட்டார். "பாருங்க, அன்னம்மா ஆன்டியோட உள்ளம் உடைஞ்சிருக்கு!" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல எனக்கு ஏது தைரியம்?

அதிலிருந்து அதுவே அவருக்கு அடையாளம். என் கன்னம் நனைந்தால் பேச்சு சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது என்று கணக்கு. உடனே ஜெபம், ஆமென், பிரியாணி.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கமிட்டி சீலிங்கில் இருந்த கறையைப் பார்த்துத் தொலைத்தது. ராஜு என்ற கான்ட்ராக்டரைக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை சபையில் பூ அலங்காரம் செய்யப் போன நான், அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். மனிதர் ஊறின ஸ்பாஞ்சை உரித்து, பைப்பைக் காயவிட்டு, புது ஸ்பாஞ்சு சுற்றி, அதன்மேல் வெள்ளி நிற ஷீட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் மாதிரி வளைகிறது, பின்பக்கம் பசை. மழை உள்ளே நுழையாதபடி ஒட்டின ஓரம் கீழ்ப்பக்கமாக இருக்க வேண்டுமாம். ஒட்டி, சின்ன உருளையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். காற்றுக் குழாய்க்கும் அதே சட்டை. யாரோ ஒரு ராட்சதன் தாப்பாவ் பொட்டலம் கட்டி, எடுத்துப்போக மறந்த சாப்பாடு மாதிரி இருந்தது.

"இனிமே ஒரு சொட்டு வராது ஆன்டி. கேரண்டி!"

வரவில்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரும் முடிக்கவில்லை. குரலை ஏற்றினார், இறக்கினார், பாடியும் பார்த்தார். என் கன்னமோ அப்பளம் போலக் காய்ந்து கிடந்தது.

வேறு வழியில்லாமல் மேரி அக்காவின் காதில் உண்மையைச் சொன்னேன். ஒருவழியாகக் கூட்டம் கலைந்து வாசலுக்கு வருவதற்குள் சபைக்கே தெரிந்துவிட்டது — பாஸ்டரைத் தவிர.

கமிட்டி சைமன் அங்கிள் அங்கேயே ராஜுவுக்கு போன் போட்டார். "பாஸ், சின்னதா ஒரு ஓட்டை போட முடியுமா? அன்னம்மா சீட்டுக்கு மேல மட்டும் லா."

"அங்கிள், ஒட்டுனவனையே ஓட்டை போடச் சொல்றீங்களா? கேரண்டி போயிடும்!"

எல்லாரும் சிரிக்க, நானும் சிரித்தேன். அப்போது பாஸ்டர் என்னைத் தேடி வந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"ஆன்டி, இன்னிக்கி நான் பேசுனது உங்களத் தொடவே இல்லையா? ராத்திரியெல்லாம் உக்காந்து தயார் பண்ணேன். எனக்கு இந்த வேலை சரிப்படாதோன்னு தோணுது..."

சிரிப்பு நின்றுபோனது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நல்ல பிள்ளை, ஒரு பைப்பை நம்பி வேலையை விட்டுவிடப் போகிறதே!

"பாஸ்டர்... அழுதது நான் இல்ல. அது." வாசலிலிருந்தே என் சீட்டுக்கு மேலே விரலைக் காட்டினேன்.

அவர் சீலிங் கறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கறையைப் பார்த்தார். அப்புறம் வாசலோர நாற்காலியில் சாய்ந்து சிரித்தார் பாருங்கள் — கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அப்போ பேச்சு?"

"பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு பாஸ்டர். நீளம்தான் கூட."

கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சரி ஆன்டி, பின்வரிசையில சைமன் அங்கிள் நான் சொல்ற ஒவ்வொன்னுக்கும் கண்ண மூடித் தலையாட்டுறாரே... அதாச்சும் நெஜம்தானே?"

சைமன் அங்கிள் அவசரமாக சீலிங்கைப் பார்த்தார். நானும் சீலிங்கைப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு உண்மை போதாதா?