வால்ட்டரின் மண், எங்கள் கூரை

காலை நடைக்குக் கதவைத் திறந்து வெளியே கால் வைக்கிறேன். சொந்த வீட்டிலிருந்து அடுத்தவர் நிலத்துக்கு வந்துவிடுகிறேன். அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் ஐசலினில் எங்கள் அடுக்ககத்தின் சுவரும் கூரையும் எங்களுடையவை. அடியில் உள்ள மண் வால்ட்டர் என்ற முதியவருடையது. குத்தகை முடியும் நாளில் சுவரும் கூரையும் மண்ணோடு சேர்ந்து அவர் குடும்பத்துக்குப் போய்விடும். சார்பதிவாளராக ஓய்வு பெற்ற நான் இதைப் படிக்காமலா கையெழுத்திட்டேன்? படித்தேன். விலை மலிவாக இருந்தது, அதனால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது மிச்சமிருப்பது பன்னிரண்டு ஆண்டுகள். எண்பது வயதில் என் மனைவி கமலாவோடு நான் தெருவில் நிற்க வேண்டியிருக்கும். டெக்சாஸ் மாநிலத்துப் பேர்லேண்டில் இருக்கும் மகள் தினமும் ஃபோனில் இதையே சொன்னாள்.

“அப்பா, இப்பவே வந்த விலைக்கு சேல் பண்ணிடுங்க. இங்க மாடி ரூம் சும்மாதான் கிடக்கு.”

“அவ வீட்ல அவ கிச்சன்” என்றாள் கமலா, ஃபோனை வைத்த பிறகு. “இங்க நான் நடந்து போய் கீரை வாங்கறேன். அங்க கீரைக்கும் ஒருத்தர் காரை எடுக்கணும். எனக்கு என் அடுப்பு போதுங்க.”

குத்தகைக்கு நீட்டிப்பு கிடைத்தால் அடுப்பு; கிடைக்காவிட்டால் மாடி அறை. முப்பது ஆண்டு நீட்டிப்புக்கு எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வக்கீல் பத்திரம் தயாரித்தார். வால்ட்டரின் மகனுக்கு இதில் விருப்பமில்லை என்றும், கிழவரின் மனம் தெரியவில்லை என்றும் சொன்னார். நடைமுறை தெரிந்தவன் என்று சங்கம் என்னையும் வக்கீலோடு அனுப்பியது.

நிலம் வைத்திருப்பவர் மனம் எனக்கா தெரியாது? தாம்பரத்தில் என் வீட்டில் செல்வராஜ் என்ற ஆசிரியர் நெடுநாளாகக் குடியிருக்கிறார். எப்போதும் பதினோரு மாத ஒப்பந்தம்தான். ஓராண்டு என்று எழுதினால் பதிவு செய்ய வேண்டும். பதிந்தால் குடியிருப்பவருக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். பதிவுத் துறையில் சம்பளம் வாங்கிய நானே பதியாமலிருக்க வழி பார்த்தவன். வால்ட்டரும் அப்படித்தான் பார்ப்பார் என்று நினைத்தேன்.

நியூ ஜெர்சி சூரிய உதயத்தை வைத்து ராகு காலம் கணித்து, அது கழிந்ததும் கிளம்பலாம் என்றாள் கமலா. அவளும் கூட வந்தாள். சாட்சிக்கு மாடி வீட்டுக் குஜராத்தித் தம்பதியை அழைத்துக்கொண்டேன். பாஸ்போர்ட் அளவுப் படங்கள், பெருவிரல் ரேகைக்கு ஸ்டாம்ப் பேடு, பத்திரத்துக்கு மூன்று நகல்கள். எதையும் விடவில்லை.

தொண்ணூறை நெருங்கும் வால்ட்டர் சமையலறை மேசையில் எங்களை உட்காரவைத்து, பழம் வைத்துச் சுட்ட ‘பை’ என்ற பலகாரத்தை வெட்டித் தந்தார். நான் ஸ்டாம்ப் பேடைத் திறந்து அவர் இடது கைப் பக்கம் நகர்த்தினேன்.

“என்னைக் கைது செய்கிறீர்களா?” என்றார்.

வக்கீல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எங்கள் ஊரில் பத்திரம் பதிவது இப்படித்தான் என்று விளக்கினேன். “அப்படியானால் உங்கள் ஊரில் எல்லோரும் குற்றவாளிகள்” என்று சிரித்தார். என் பணி அனுபவத்தில் அதை முழுதாக மறுக்க முடியவில்லை.

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். முப்பது என்ற இடத்தில் பேனா நின்றது. கமலா தட்டைத் தொடவே இல்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முப்பதை அடித்துவிட்டுத் தொண்ணூற்றொன்பது என்று எழுதினார்.

அடித்தல் திருத்தல் கண்டால் பதறும் என் கை அன்று அசையவில்லை. “உங்கள் மகன்?” என்று மட்டும் கேட்டேன்.

“அவனுக்கு வீடு இருக்கிறதே” என்றார். “முப்பது வருடம் கழித்து வேறு ஒரு பெண் இதே மேசையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டுமா?”

வக்கீல் காட்டிய இடத்தில் திருத்தத்துக்குப் பக்கத்தில் வால்ட்டரும் சங்கத்தின் சார்பில் நானும் சுருக்கொப்பம் இட்டோம். பணிக்காலத்தில் எத்தனையோ பத்திரங்கள் என் மேசையைக் கடந்து போயின. கேட்டதைவிட அதிகமாக எழுதிக் கொடுத்த ஒருவரை அன்றுதான் பார்த்தேன். அந்தக் குத்தகை முடியும்போது அந்த அறையில் இருந்த ஒருவரும் இருக்கமாட்டோம். அவர் அதைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை. கமலாவின் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார். அவள் சாப்பிட்டாள்.

அன்று இரவு அவள் எங்கள் வீட்டுச் சுவர் முன் சுத்தியலோடு நின்றாள். “ஏங்க, இப்ப ஆணி அடிக்கலாம்ல? அடுத்தவங்க இடமாச்சேன்னு இத்தனை நாள் கை வரல.”

இந்த ஊர்ச் சுவருக்கு உள்ளே வெற்றிடம். முதல் ஆணி சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது. தட்டித் தட்டிப் பார்த்து, மரச்சட்டம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து இரண்டாவதை அடித்தாள். அது நின்றது. பெட்டியிலிருந்து தாம்பரம் வீட்டுச் சாவியை எடுத்து வந்து அதில் மாட்டினாள். அது ஆடி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தச் சாவி திறக்கும் கதவுக்குள் இந்நேரம், பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் செல்வராஜ் வீட்டில் காலைக் காப்பி கொதித்துக்கொண்டிருக்கும்.