சுவருக்கு மேலால் வந்த பதில்கள்

என் நினைவில் ஆங்கிலத்துக்கு ஈர விறகுப் புகையின் வாசனை. ஆடி மாத மழையில், டிக்கோயாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், எந்தக் காகிதமும் காகிதமாக இருப்பதில்லை; விரல் பட்டால் துணியைப் போலக் குழையும், மடித்தால் மடிப்பிலேயே கிழியும். அதனால் அக்கா தன் கேள்வித் தாள்களை அடுப்புக்கு மேலே, அம்மா விறகு காயவைக்கும் பரணுக்குக் கீழே, ஒரு கொடி கட்டி வரிசையாக மாட்டியிருந்தாள். ரொட்டி சுடும்போது அவை அசையும். மழை முடிவதற்குள் எல்லாத் தாள்களும் ஓரங்களில் பழுத்து, கேள்விகளெல்லாம் யாரோ வெகுகாலம் முன்பு கேட்டுவிட்டுப் போனவை போலத் தெரிந்தன.

ஹட்டன் டவுனில் ஒரு "கம்யூனிகேஷன்" கடையில், இணையத்திலிருந்து எடுத்து அச்சடித்து வாங்கி வந்தவை அவை. ஆங்கிலம் பேசிப் பழகுவதற்கான அன்றாடக் கேள்விகள். உணவு, வானிலை, நண்பர்கள், பயணம், செல்லப்பிராணிகள், அயலவர் என்று தலைப்பு வாரியாகப் பிரித்திருந்தார்கள். பேசிப் பழக இன்னொரு ஆள் வேண்டும் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. இருந்த ஆள் நான்தான். ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும், பொருள் பாதிதான் விளங்கும். கொடியிலிருந்து ஒரு தாளைக் கழற்றி, டீச்சர் போல முகத்தை வைத்துக்கொண்டு, ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை.

அக்காவுக்கு அது விளையாட்டு இல்லை. உயர்தரப் பரீட்சையில் அவளுக்குக் கிடைத்த பெறுபேறு பல்கலைக்கழகம் வரை கொண்டுபோகவில்லை. தோட்டத்தின் மேல் பிரிவில், முன்பு வெள்ளைக்காரத் துரை இருந்த பழைய பங்களாவை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே வரவேற்பு மேசைக்கு ஒரு பெண் தேவை, ஆங்கிலம் பேச வேண்டும், ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை நேர்முகப் பரீட்சை. அம்மா இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள், அதுவும் கோபமில்லாமல்.

"கெடைச்சா சந்தோசம். கெடைக்கலேன்னா அடுத்த கெழமையே பேர் பதிஞ்சிருவோம். மலைக்குப் போறது ஒண்ணும் கேவலம் இல்ல, நான் போகலியா?"

பேர் பதிவது என்றால் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தொழிலாளியாகச் சேருவது. அங்கே ஒருமுறை பதிந்த பெயர் திரும்ப வெளியே வந்ததாக எங்கள் குடியிருப்பான லயத்தில் நான் கேள்விப்பட்டதில்லை.

எதையும் வகை பிரித்து வைப்பது அப்போதே என் பழக்கம். கேள்விகளை மூன்றாகப் பிரித்தேன். உண்மையைச் சொல்லக்கூடியவை முதல் வகை: காலையில் என்ன சாப்பிட்டாய் என்றால் ரொட்டியும் கட்டசம்பலும், பொய் சொல்லத் தேவையில்லை. ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்ல வேண்டியவை இரண்டாம் வகை: வீட்டில் உனக்குப் பிடித்த அறை எது என்று கேட்டால், அறை என்று ஒரே ஒரு "காம்பரா"வும் அதன் முன்னால் திண்ணை போல ஒரு "இஸ்தோப்பு"ம் உள்ளவர்கள் என்ன செய்வது? அக்கா ஒரு மாடி அறையைக் கட்டி, அதற்கு நீலத் திரைச்சீலையும் போட்டுக்கொண்டாள். அந்த அறையை நான் இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்ப்பேன். மூன்றாம் வகை, யாருக்குமே விளங்காதவை. உங்கள் செல்லப்பிராணிக்கு மனச்சோர்வு ஏற்பட்டால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பது அதில் தலையாயது.

அந்தக் கேள்விக்குத்தான் சுவருக்கு மேலிருந்து முதன்முதலாகப் பதில் வந்தது.

லயத்தைப் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். ஒரே நீளமான தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள். இரண்டு காம்பராவுக்கு நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் எட்டாது. மேலே விட்ட இடைவெளி வழியாகப் புகை போகும், வெளிச்சம் போகும், இருமல் போகும், தீப்பெட்டியும் போகும். எங்கள் வீட்டில் "மணி என்னா?" என்று ஒருவர் கேட்டால், மூன்றாவது வீட்டிலிருந்து மணி சொல்வார்கள். கேள்வி என்பது கேட்டவருக்கும் கேட்கப்பட்டவருக்கும் மட்டும் உரியது என்று எங்களுக்குத் தெரியாது. விடை தெரிந்தவர் சொல்வார், அவ்வளவுதான்.

அடுத்த காம்பராவில் ராஜம் அத்தை இருந்தார். உறவு ஒன்றும் இல்லை, லயத்து முறைக்கு அத்தை. அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்தெடுப்பவர். நான் அந்த மனச்சோர்வுக் கேள்வியை வாசித்து, அக்கா அதைத் தமிழில் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது மேலாலிருந்து குரல் வந்தது.

"என்னா புள்ள கேக்குற? ஆட்டுக்குக் கவலை வந்தா எப்பிடித் தெரியுமாவா? பச்சப்புல்லு போட்டும் மூஞ்சத் திருப்பிக்கும். எங்க வூட்டு மாமாவும் அப்பிடித்தான், கோழிக்கொழம்பையே திரும்பிப் பாக்கமாட்டாரு. எழுதிக்க."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு வாக்கியம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை விடவில்லை.

"நான் சொன்னது நீட்டா இருந்துச்சு. நீ சொன்னது குட்டையா இருக்கே. மிச்சம் எங்க?"

அன்றிலிருந்து அதுவே முறையானது. மலை விட்டு வந்து, கால் கழுவி, அட்டை கடித்த இடத்தில் சவர்க்காரம் தேய்த்துவிட்டு, பால் சேர்க்காத தேநீரான சாயத்தண்ணிக் கோப்பையோடு அத்தை சுவரோரம் உட்கார்ந்துவிடுவார். நான் கேள்வியை வாசிப்பேன். அக்கா தமிழில் சொல்வாள். அத்தை பதில் சொல்வார். அக்கா அதை ஆங்கிலமாக்குவாள். "மிச்சம் எங்க?" என்று மேலாலிருந்து கேட்கும். மிச்சத்தைத் தேடி அக்கா அகராதியைப் புரட்டுவாள்; மாமா வருவார், கோழிக்குழம்பு வரும், முகத்தைத் திருப்புவது வரும். வாக்கியங்கள் மெல்ல மெல்ல நீண்டன.

"ஏன் ராஜம், இன்டர்வியூ ஒனக்கா அவளுக்கா?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"ரெண்டு பேருக்குந்தான் அண்ணி. வேலை மட்டும் அவளுக்கு."

அந்த மாலைகளை நினைத்தால் எனக்கு மூடுபனிதான் முதலில் வருகிறது. கதவு வழியாக உள்ளே வந்து, கொடியில் தொங்கும் தாள்களுக்குக் கீழே நின்று, அடுப்பின் சூட்டில் காணாமல் போகும். தகரத்தில் மழை விழும் சத்தம் கூடும்போது நாங்கள் குரலை உயர்த்துவோம், குறையும்போது தாழ்த்துவோம். இந்தக் கேள்விகளை எழுதியவர் யாராக இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டே இருப்பேன். ஏதோ ஒரு வெயில் நாட்டில், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண், எங்கள் லயத்தை நினைத்தே எழுதியதாக நம்பியிருந்தேன். ஏனென்றால் தோட்டத்தில் கேள்வி என்றாலே அதட்டல்தான். ஏன் பிந்தினாய், ஏன் கொழுந்து குறைவு, ஏன் முற்றிய இலை. உனக்கு எது பிடிக்கும் என்று எங்களை யாரும் அதுவரை கேட்டதில்லை. வருடத்தில் உனக்குப் பிடித்த காலம் எது என்று ஒருநாள் நான் வாசித்தபோது, ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. பிறகு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். இரண்டு மூன்று நாள் கழித்து, விடியலில் கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது, திரும்பிப் பார்க்காமலே, "மாசி" என்றாள். எதற்குப் பதில் என்று எனக்குப் புரிவதற்குள் பனிக்குள் போய்விட்டாள்.

நேர்முகப் பரீட்சைக்கு அம்மா வரவில்லை. பங்களாப் படியேறக் கூச்சம் என்றாள். அத்தை கிளம்பினார், நானும் ஒட்டிக்கொண்டேன். தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறி, பங்களா தெரிந்ததும் அத்தையின் கால்கள் தாமாகவே குசினிப் பக்கத்துப் பின்வாசலுக்குத் திரும்பின. எங்கள் ஆட்கள் அந்த வழியாகத்தான் போய்ப் பழக்கம். காவல்காரர் கூப்பிட்டு, "முன்னால போங்க" என்றார். முன்னால் நீளமான விறாந்தையில் ஒரு மர வாங்கு இருந்தது. அத்தையும் நானும் அதன் நுனியில் உட்கார்ந்தோம். தலைக்கு மேலே சன்னல் திறந்திருந்தது. உள்ளே கொழும்பிலிருந்து வந்த ஒரு மேடமும் அக்காவும்.

பெயர், படிப்பு, ஊர் எல்லாவற்றுக்கும் அக்கா தெளிவாகப் பதில் சொன்னது கேட்டது. பிறகு மேடம் கேட்டார்: இங்கே வந்து தங்கும் விருந்தினர் ஒருவர், மழை விடவே இல்லையே என்று சலித்துக்கொண்டால் என்ன சொல்வாய்?

சத்தமில்லை. மழைநீர் பீலியில் ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி விளங்கவில்லை என்று மேடம் நினைத்திருப்பார். ஆனால் அந்த மௌனம் எனக்குத் தெரிந்த மௌனம். அக்கா காத்துக்கொண்டிருந்தாள். அந்த மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் காத்திருந்ததைப் போல, மேலாலிருந்து குரல் வரட்டும் என்று.

நான் எனக்கு விளங்கிய அளவில் அத்தையின் காதில் கேள்வியைத் தமிழில் சொன்னேன். அத்தையும் யோசிக்கவில்லை, எந்த இடத்தில் இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், முகத்தைச் சன்னலுக்குத் தூக்கினார்.

"மழையப் பாக்கத்தானேங்க இம்புட்டுத் தூரம் வந்தீங்க, வெயிலு ஒங்க ஊர்லயே கெடக்கேன்னு சொல்லு புள்ள! போகும்போது ரெண்டு போத்தல்ல புடிச்சுக் கொண்டுபோங்கன்னு சொல்லு!"

உள்ளே நாற்காலி நகர்ந்தது. "யார் அது?" என்று மேடம் ஆங்கிலத்தில் கேட்டார். "எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், மேடம்." "அவர் என்ன சொல்கிறார்?"

அக்கா சொன்னாள். மழையைச் சொன்னாள், தூரத்தைச் சொன்னாள், வெயில் அவர்கள் ஊரிலேயே கிடப்பதைச் சொன்னாள், போத்தலையும் விடவில்லை. மிச்சம் எதுவுமே இல்லை. மேடம் வாய்விட்டுச் சிரித்தார். சன்னலருகே வந்து அத்தையைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு, சிரித்த முகத்தோடேயே, சன்னலை இழுத்து மூடினார்.

அத்தையின் முகம் சுண்டிப்போனது. கம்பளிச் சால்வையின் நுனியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"கெடுத்துட்டேனா புள்ள?"

நான் வாங்கின் மேல் ஏறிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உள்ளே பனி படிந்தாற்போல் எல்லாம் மங்கலாக இருந்தது. மேடத்தின் உதடு அசைந்தது. அக்காவின் உதடு வெகு நேரம் அசையவில்லை. பிறகு கொஞ்சமாக அசைந்தது, நின்றுவிட்டது. வெளியே வந்தவள், "சொல்லி அனுப்புறாங்களாம்" என்றாள். என்ன கேட்டார்கள் என்று அத்தை வழி முழுக்கக் கேட்டும், "ஒண்ணும் இல்லத்த" என்பதற்கு மேல் அவள் வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் அம்மா தன் பழைய "படங்கு" ஒன்றைக் கழுவினாள். மழையில் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் தடித்த விரிப்பு அது. வெளியே காயாது என்று அடுப்புக்கு மேலே கொடியிலேயே போட்டாள். ஒரு பக்கம் கேள்வித் தாள்கள், ஒரு பக்கம் படங்கு. அக்கா அந்தக் கொடிக்குக் கீழேயே உட்கார்ந்து சாப்பிட்டாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தை அந்த வாரம் சத்தமே போடவில்லை, இருமலைக்கூட அடக்கிக்கொண்டார். ஒரு மாலை, பங்களாக் காவல்காரர் குடையோடு இறங்கி வந்து, மறுநாள் முதல் வேலைக்கு வரச் சொன்னார்கள் என்று இஸ்தோப்பில் நின்று சொன்னார். அம்மா எழுந்து, படங்கை எடுத்து மடித்து, பரணில் தள்ளினாள். மேலாலிருந்து, "அண்ணி, எங்க வூட்டுக்கும் சேத்து சாயத்தண்ணி போடுங்க" என்று குரல் கேட்டது.

இப்போது நான் கொழும்பில், மென்பொருள்களைச் சோதித்துப் பார்க்கும் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். ஒரு செயலியிடம் கேட்க வேண்டிய கேள்விகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் வருகிறது என்று பார்ப்பது என் தொழில். எங்கள் லயம் இல்லை. அந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே தனித்தனி வீடுகள் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாச் சுவரும் கூரை வரை எட்டுகிறது. அம்மாவுக்குப் புகை இல்லாத குசினி, நனையாத கட்டில். அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்டுக்கொண்டு யாரும் தூங்க வேண்டியதில்லை. லயம் திரும்ப வேண்டும் என்று நான் ஒருபோதும் ஆசைப்பட மாட்டேன். அத்தை நாலைந்து வீடு தள்ளி இருக்கிறார்; பேச வேண்டுமென்றால் போன் எடுக்கிறார், எடுத்தும் கத்தித்தான் பேசுகிறார்.

அக்கா கலியாணமாகிக் கந்தப்பளையில் இருக்கிறாள், அங்கேயும் ஹோட்டல் வேலைதான். போன மாதம் பேசிக்கொண்டிருந்தபோது, சன்னலை மூடிய பிறகு அந்த மேடம் என்னதான் கேட்டார் என்று மறுபடி கேட்டேன்.

"அதே கேள்விதான். இப்ப நீ சொல்லுன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"



"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் மேடம், அவங்க பக்கத்துல நின்னு, கொஞ்ச நேரம் சேர்ந்து மழையப் பாப்பேன்னேன்."

திங்கட்கிழமைகளில் வெளிநாட்டில் உள்ளவர்களோடு திரை வழியாக எங்களுக்குக் கூட்டம் நடக்கும். வேலைப் பேச்சைத் தொடங்குமுன் யாராவது ஒருவர் கேட்பார்: வார இறுதி எப்படிப் போனது, அங்கே மழையா, காலையில் என்ன சாப்பிட்டாய். எல்லாம் எனக்கு எப்போதோ தெரிந்த கேள்விகள். ஈர விறகின் புகை வாசனை வந்துவிடும். பதிலும் தெரியும். ஆனாலும் என்னை அறியாமல் ஒரு கணம் தலையை நிமிர்த்தி, வெள்ளைச் சுவர் கூரையைத் தொடும் இடத்தைப் பார்த்துக் காத்திருக்கிறேன். அந்தப் பக்கம் இருப்பவர்கள், எங்கள் ஊரில் இணைப்பு கொஞ்சம் தாமதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.