ஏலத் திடலில் பிரித்த பார்சல்

ஊர் ஏமாறாமல் இருப்பதற்காக என் அக்காவின் உடம்பைப் பற்றி ஊரே தெரிந்துகொள்ள வேண்டுமா? எண்பதுகளின் நடுவில், பழவேற்காட்டு ஏரிக்கரையில், எங்கள் குப்பத்து ஏலத் திடலில் நின்றபோது எழுந்த கேள்வி இது. இன்றும் நினைத்தால் கோபம் அடங்குவதில்லை.

அதற்குக் காரணமான ஊர் விதி, கெட்ட எண்ணத்தில் பிறந்ததல்ல. பத்திரிகை விளம்பரம் பார்த்து வி.பி.பி. தபாலில் டிரான்சிஸ்டர் வரவழைத்த ஒருவர், தபால்காரரிடம் பணம் கட்டிப் பிரித்தபோது உள்ளே செங்கல் இருந்ததைக் கண்டார். அவரே கல்லை வைத்துவிட்டுப் பொய் சொல்கிறார் என்று கம்பெனி பதில் எழுதியது. சாட்சி இல்லை. அதனால், எந்தப் பார்சலையும் தபால்காரர் முன்னிலையில், திடலில் எல்லாரும் பார்க்கத்தான் பிரிக்க வேண்டும் என்று கிராமத்தார் கட்டளையிட்டனர். வலையில் வந்த இறாலைத் தரையில் கொட்டி, எல்லார் கண் முன்னாலும் ஏலம் விடுகிறவர்கள் நாங்கள். வியாபாரத்தில் ஒளிவு கூடாது என்பது எங்களுக்குப் பழகிய நியாயம். அதை அப்படியே தபாலுக்கும் பொருத்தினார்கள்.

அக்கா கூடை சுமந்து பழவேற்காட்டுத் தெருக்களில் இறால் விற்றாள். அவள் முதுகில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. அம்மாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். தொற்றாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாங்குகிறவர்கள் அதை நம்புவார்களா? அந்தப் பயத்தில்தான் தபாலில் ஒரு களிம்பு வரவழைத்தாள். வீட்டில் கொடுக்கும்படி தபால்காரரிடம் கெஞ்சினாள்.

"வூட்டாண்ட குடுத்தா என்னைத்தாம்மா கேப்பாங்க" என்று அவர் திடலுக்கே கொண்டுவந்தார்.

பார்சல் கட்டை அறுத்ததும், பக்கத்தில் நின்ற வலைக்காரர் உள்ளிருந்த காகிதத்தை எடுத்து உரக்கப் படித்தார்: "வெண்புள்ளிகள் மறைய..."

"எங்கடி கீது? காட்டேன், பாப்போம்" என்றாள் ஒரு கூடைக்காரி. "இவ கழுவுன இறாலையா இத்தினி நாளு தின்னாங்க!"

சிரித்தார்கள். அக்கா களிம்பை முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

நான் ஊர்த் தலைவரிடம் போனேன். "கல்லா மருந்தான்னு பாத்தாச்சில்ல மாமா? காகிதத்தை எதுக்குப் படிக்கணும்?"

"மறைச்சா திருட்டுத்தனம் வரும் பாப்பா. இறாலை மூடி வச்சா ஏலம் வுடறோம்?"

"ஏலம் எடுத்தவங்க வூட்டுச் சட்டியைப் போய்த் தொறந்து பாக்கறீங்களா?"

"காலேஜுக்கு அனுப்பாதன்னு உங்க நைனாகிட்ட அப்பவே சொன்னேன்" என்றார் வலைக்காரர்.

மறுநாள் அக்கா கூடையோடு போனாள். கூடைக்காரிகள் சொல்லி, விஷயம் அவளுக்கு முன்பே போயிருந்தது. வழக்கமாக வாங்கும் வீடுகளில், இன்றைக்கு வேண்டாம் என்றார்கள். அடுத்த நாளும் அதுவே. நிறைந்த கூடையை அவள் சுமந்து திரும்பியதைப் பார்த்தபோது, செங்கல் அனுப்பியவனைவிட எங்கள் ஊர்மீதே எனக்கு ஆத்திரம் வந்தது. அவன் எங்கோ இருந்தான். இவர்கள் அவளோடு ஒரே கரையில் இறால் வாங்குகிறவர்கள். மோசடிக்குச் சாட்சி தேவை, மறுக்கவில்லை. அதற்கு ஒரு ஜோடிக் கண் போதாதா? கிராமத்தார் கூட்டம் நடந்தபோதெல்லாம் போய் இதையே கேட்டேன். விரட்டினார்கள், மறுபடியும் போனேன்.

கடைசியில் விதியை மாற்றினார்கள். பார்சல்கள் தபாலறைக்குள் பிரிக்கப்பட்டன. தபால்காரரும், வாங்குபவரும், அவரே அழைத்து வரும் ஒரு சாட்சியும் மட்டும் இருந்தார்கள். ஆனால் பழைய வாடிக்கை திரும்பவில்லை; அக்கா பழவேற்காட்டுத் தெருக்களில் விற்பதை விட்டுவிட்டாள். பேருந்தில் அனுப்பம்பட்டு போய், அங்கிருந்து ரயிலேறி, தன்னை யாரும் அறியாத ஊர்களில் கருவாடு விற்றாள்.