மழித்த சிலிண்டரில் மிச்சமிருந்த குரல்

1. பொங்கும் நேரம்

"எங்க வூட்டுக்காரரு குரலக் குடுத்துடுங்க" என்று சொல்லிக்கொண்டே ராசாத்தி அக்கா கடைக்குள் வந்தபோது நான் பின்கட்டில் சிலிண்டர் வார்க்க மெழுகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். உருகிய ஸ்டியரிக் ஆசிட்டில் காஸ்டிக் சோடாவை விட்டுப் பொங்கவைக்கும் நேரம். அப்போது யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. என் இடது கையில் அப்படித் திரும்பியதற்கு இரண்டு தழும்புகள் உண்டு.

அடுப்பைத் தணித்துவிட்டு வந்து பார்த்தேன். அக்காவுக்குப் பின்னால் அவர் கணவர் கலியபெருமாள் அண்ணன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

2. இரண்டு இழுப்பு

நான் ஏழாவதோடு பள்ளியை விட்டு ஓடியவன். சர்க்கஸில் கூடாரம் அடித்தேன், வேதாரண்யத்தில் உப்பு வாரினேன், ரேடியோ ரிப்பேர் கடையில் எடுபிடியாக இருந்தேன். எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் ஜமால் பாயின் பழம்பொருள் கடையில் ஒதுங்கினேன். பிரான்சுக்குப் போய்விட்ட குடும்பங்களின் வீட்டுச் சாமான்கள் அவரிடம் வரும். அதில் போனோகிராபுகளும் வரும். கிராமபோன் தட்டுக்கு முந்தின மிஷின் அது. தட்டுக்குப் பதில் டம்ளர் அளவுக்கு மெழுகுச் சிலிண்டர் சுற்றும், ஒன்றில் இரண்டு நிமிடம் பதியும். ஹார்னுக்குள் பேசினால் ஊசி மெழுகில் கோடு போடும். ஊசியை மாற்றி வைத்தால் அதே கோட்டிலிருந்து பேச்சு வரும். வேண்டாத பதிவைக் கத்தி ஓட்டி மழித்துவிட்டு, அதன்மேல் புதிதாகப் பதியலாம். வாங்க வருபவர்களுக்கு இதையெல்லாம் செய்து காட்டுவது என் வேலை.

ஒருநாள் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். மிஷினில் பதிந்து காட்டச் சொன்னார்கள். அன்றைக்குப் பார்த்துப் புது சிலிண்டர் கையில் இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த ஒருவரின் பூட்டிக்கிடந்த வீட்டிலிருந்து வந்த பழைய சிலிண்டர்கள் ஐந்து இருந்தன. ஒன்றை எடுத்தேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கவில்லை. கத்தியை ஐந்தாறு தடவை இழுக்க வேண்டும். நகத்தால் தடவினால் வழுக்க வேண்டும். நான் இரண்டு இழுப்போடு நிறுத்திவிட்டேன். பார்க்கப் பளபளப்பாகத்தான் இருந்தது.

கலியபெருமாள் அண்ணன் அன்று விற்பதற்குச் சங்கு கொண்டுவந்திருந்தார். கிளிஞ்சல்மேட்டுக்காரர். கரையில் பெரிய வலை இழுக்கும்போது அம்பா பாடுபவர் அவர்தான். இருபது பேர் ஒரே மூச்சில் கயிறு இழுப்பது அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டுதான்.

"கலியபெருமாளு, ஒரு அம்பா எடுத்து வுடுப்பா. தொரசானி கேக்கட்டும்" என்றார் பாய்.

அண்ணன் ஹார்னைக் கண்டு கூச்சப்பட்டு ஒரு கை தள்ளி நின்றே பாடினார். முடிந்ததும் ஊசியை மாற்றி, காதுக்குழாயை அவர் காதில் மாட்டிவிட்டேன். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. திடீரென்று, ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கத்துவதுபோல, "கேக்குதுங்க!" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். "யாருக்குண்ணே பதில் சொல்றீங்க?" என்றேன்.

"ஒரு அம்மா கேட்டாங்கப்பா, கேக்குதான்னு."

குழாயை வாங்கி என் காதில் வைத்தேன். அண்ணன் பாட்டுக்கு அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு பெண்ணின் குரல். "அந்துவான்... நான் பேசுறது கேக்குதா? கேட்டா ஒரு பதில் சொல்லு."

பழைய பதிவு சரியாக மழியவில்லை என்று எனக்கு உடனே புரிந்தது. அண்ணனிடம் சொன்னேன். அவரும் தலையாட்டினார். பத்து நாளில் அவருக்குக் குரல் போய்விட்டது. அப்போதுதான் ராசாத்தி அக்கா அவரைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

3. போட்டுக் காட்டியது

"மொதக் கூப்பாட்டுக்கே பதில் சொல்லிட்டாரு தம்பி" என்றார் ராசாத்தி அக்கா. "எங்கூருல சின்னப் புள்ளைக்கும் தெரியும், பேயி ஒரு தடவதான் கூப்புடும், மூணு தடவ கூப்புட்டாத்தான் ஏன்னு கேக்கணும்னு. இந்த மனுசனுக்குத் தெரியல."

"பேயுமில்ல, ஒண்ணுமில்லம்மா. இவன் பிளேடு சரியா ஓட்டல" என்றார் பாய்.

"இந்தத் தம்பி ஓட்டாத பிளேடுக்கு எங்க வூட்டுக்காரரு தொண்டையா பாய்?"

டாக்டரிடம் காட்டினார்களா என்று கேட்டேன். காட்டியிருந்தார்கள். தொண்டையில் கட்டி, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் உடனே எடுக்க வேண்டும், விட்டால் மூச்சையே அடைத்துவிடும் என்று சொல்லியிருந்தார்.

"போவ மாட்டேங்குறாரு. கொரலு இங்க கெடக்கு, அங்க போயி எதத் தேடுறதுன்னு சைகை காட்டுறாரு. ராத்திரி மூச்சு இழுக்குது தம்பி, பக்கத்துல படுக்க முடியல."

அண்ணன் குரல் பத்திரமாகத்தான் இருக்கிறது என்று காட்டிவிட்டால் போவார் என்று நினைத்தேன். சிலிண்டரைப் போட்டேன். அது நான் செய்த இரண்டாவது தப்பு. அந்தப் பத்து நாளும் பாய் வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் அதைப் போட்டு வேடிக்கை காட்டியிருந்தார். மெழுகு மெத்தென்று இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஊசி கொஞ்சம் தேய்க்கும். அந்த அம்மா ஹார்னில் வாய் வைத்துப் பேசியிருக்க வேண்டும், கோடு ஆழம். அண்ணன் தள்ளி நின்று பாடியதால் கோடு மேலாக விழுந்திருந்தது. தேய்ந்தது அவருடையதுதான்.

அம்பா, தூரத்தில் காற்றடிப்பதுபோல் இருந்தது. அந்த அம்மா அடுத்த அறையில் நின்று பேசுவதுபோல் பேசினார்.

ராசாத்தி அக்கா குழாயைக் கழற்றி மெதுவாக மேஜைமேல் வைத்தார். "பாத்தீங்களா? தின்னுட்டா."

ஊசி, மெழுகு, ஆழம் என்று சொல்ல என்னிடம் விளக்கம் இருந்தது. ஊசியைத் தூக்கி மிஷினை நிறுத்தினேன்.

4. ஆறு இழுப்பு

"மழிச்சுடு" என்றார் பாய். "இங்க ஒண்ணுமில்லேன்னா ஆஸ்பத்திரிக்குப் போவாரு. மனுசன் மூச்சு விடணும்ல."

ஒலிக்கும் ஊசி இருக்கும் ரீப்ரொட்யூசரைக் கழற்றிவிட்டுக் கத்தியை மாட்டினேன். கைப்பிடியைத் தொடும்போது அண்ணன் என் கையைப் பிடித்தார். ஹார்ன் பக்கத்தில் போய்க் குனிந்தார். அன்று கூச்சப்பட்டவர், இப்போது முகத்தையே உள்ளே விட்டுக்கொண்டு வெறும் காற்றால் பேசினார்.

"நான் அந்துவான் இல்லீங்கம்மா. கலியபெருமாளு. கிளிஞ்சமேடு. தெரியாமப் பதில் சொல்லிட்டேன்."

மிஷினில் அப்போது பதியும் ஊசி இல்லை, கத்திதான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

ஆறு இழுப்பு இழுத்தேன். சீவல் தலைமயிர்போல் சுருண்டு விழுந்தது. ராசாத்தி அக்கா ஒன்று விடாமல் முந்தானையில் சேர்த்து முடிந்துகொண்டு, ஆறு கடலில் கலக்கும் இடத்தில் விட்டுவிடுவதாகச் சொன்னார். அன்று மாலையே இருவரும் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினார்கள்.

மிச்சமிருந்த நான்கு சிலிண்டரையும் அதன்பிறகுதான் உட்கார்ந்து கேட்டேன். மூன்றில் பேண்டு வாத்தியம். ஒன்று காலி. அந்த அம்மாவின் குரல் இந்த உலகத்தில் அந்த ஒரு சிலிண்டரில்தான் இருந்திருக்கிறது. அந்துவான் யார் என்று பாய் விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை.

சில மாதம் கழித்து அண்ணன் சங்கு மூட்டையோடு வந்தார். கட்டியை எடுத்துவிட்டார்கள். குரல் வந்திருந்தது, மணலைத் தேய்ப்பதுபோல். "அம்பா இப்ப வேறாளு பாடுறான். நான் கயித்து வாலுல நிக்கிறேன்" என்றார். பிறகு, "அந்த அம்மா அப்பறம் பேசுனாங்களா?" என்றார்.

"அதான் மழிச்சாச்சேண்ணே."

"போடு, பாப்போம்."

அதன்மேல் வேறெதையும் பதிய எனக்கு மனம் வரவில்லை, அப்படியேதான் இருந்தது. போட்டேன். இரைச்சல் மட்டும். அவர் குழாயை மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடமும் அசையாமல் கேட்டார். கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"இருக்காங்க. சும்மா இருக்காங்க" என்றார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கத்தி வைப்பதற்கு முன் முழுவதையும் கேளுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும். மழித்த பிறகு, உள்ளே இருந்தது யார் என்றும் தெரியாது. இப்போது யாரும் இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது.